திரும்ப வந்த கேசட்டுகள்

முரளி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை விலாசம் எழுதுவது. பெங்களூரில் இருக்கும் உன் ஆபீஸ் நண்பர்களின் விலாசங்களை எழுதிக்கொண்டே வந்தபோது, உனக்கே ஒரு கடிதம் பாக்கியிருக்கிறது என்று தோன்றிவிட்டது. அடுத்த மாதம் நீயும் கல்பனாவும் மாலையும் கழுத்துமாக நிற்கும்போது நான் பந்தியில் பாயசம் கடைசி இலை வரைக்கும் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போது இதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் விலாசங்களை ஓரமாக வைத்துவிட்டு நீளக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "அது யாரோட விலாசம், இவ்ளோ பெரிசா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சொல்ல வந்தது உன் கேசட்டுகளைப் பற்றி. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தபோது சேர்க்க ஆரம்பித்தாயே, அந்த இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேரின் ராக் பாண்டு, அதன் கேசட்டுகள். அவர்கள் பெயரை நான் எழுதினால் ஸ்பெல்லிங் தப்பாக வரும், நீ திருத்துவாய். அதனால் பாண்டு என்றே எழுதுகிறேன். நீ பிறந்த சமயத்திலேயே அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்பதும், அவ்வளவு வருஷம் கழித்து அவர்களுடைய பத்து ஆல்பங்களையும் சத்தத்தைச் சுத்தம் செய்து, அதே படத்தோடு புது அட்டை போட்டு, முதுகில் ஒன்று முதல் பத்து வரை நம்பர் கொடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நீ வாங்கி வந்த கேசட்டின் அட்டையில் இருந்த அதே படம், உன்னிடம் ஏற்கெனவே இருந்த இன்னொரு கேசட்டின் மேலும் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இதே கேசட் உன்கிட்ட இருக்கேடா?" என்று கேட்டேன். நீ ஆர்வமாகத்தான் பதில் சொன்னாய். "அது பழசுப்பா. இது திரும்ப வந்தது. கடைசியில மூணு பாட்டு கூட இருக்கும். அப்ப வேண்டாம்னு ஒதுக்கி வெச்சதையெல்லாம் இதுல போட்டிருக்காங்க." உடனே நான், "அவங்களே வேண்டாம்னு ஒதுக்கினதை நீ எதுக்குடா வாங்கறே?" என்றேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். "அவனைப் பதில் சொல்லவாவது விட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. எனக்கு என்னவோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது நல்ல கேள்வி. ஒதுக்கியதை ஏன் தேடிப் போய்க் கேட்கிறார்கள் என்பது இன்றைக்கும் சுவாரஸ்யமான கேள்விதான். ஆனால் அன்று நான் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. உன் வாயை அடைப்பதற்காகக் கேட்டேன்.

மூன்றாம் வருஷம் உனக்கு இரண்டு பேப்பர் போயிற்று. ரிசல்ட் வந்த வாரத்தில் நீ காலேஜ் முகாமுக்காகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தாய். அம்மா ஆதம்பாக்கத்தில் உன் சித்தி வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பர்காரர் ஏழுமலை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பேப்பர்களை எடுத்துக் கொடுத்தபிறகு, உள்ளே போய் உன் அலமாரியில் ஷூ டப்பாவில் வரிசையாக அடுக்கியிருந்த எட்டு கேசட்டையும் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தேன். ஏழுமலைதான் தயங்கினார். "இன்னா சார், புச்சா கீதே. தம்பியுதா?" என்றார். "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். கோபத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன். டப்பாவின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்றுகூடப் பார்த்துக் கொடுத்தேன்.

நீ திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தாய். "எல்லாமேவாப்பா?" என்று கேட்டாய். "எல்லாம்தான்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது அன்றோடு முடிந்திருக்கும். அடுத்த தடவை இரண்டு பேப்பரையும் பாஸ் செய்தாய். என் வைத்தியம் பலித்துவிட்டது என்று ஆபீஸில் சொல்லிக்கொண்டேன். அப்புறம் உனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ரயிலேற்ற வந்த அன்று பிளாட்பாரத்தில் அரைமணி நேரம் நின்றோம். தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் பெட்டிச் சாவியைப் பற்றியும் பேசினோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சொன்னாள்: "ஒன்றரை வருஷமா நீங்க கேட்டதுக்குத்தான் அவன் பதில் சொல்றான். அவனா உங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. கவனிச்சீங்களா?" கவனிக்கவில்லை. வீட்டில் அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாதது. நீ போய் ஆறு மாதம் இருக்கும். தேனாம்பேட்டையில் மத்தியானம் டீ குடிக்க ஆபீஸிலிருந்து இறங்கி வந்தேன். சிக்னலில் ஒரு கார் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள், உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, இப்போது கிடார் நிற்கும், டிரம் மட்டும் வரும் என்று தோன்றியது. கிடார் நின்றது. டிரம் மட்டும் வந்தது. பச்சை விழுந்து கார் போய்விட்டது. எனக்கு ஒரே ஆச்சரியம். அந்தப் பாட்டை நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆனாலும் சாத்திய கதவு வழியாகவே அது எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. டிரம்முக்கு அப்புறம் என்ன வரும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சாயங்காலம் வரை ஃபைலில் கண் ஓடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக மனசும் இல்லை.

நேராக தி. நகருக்குப் பஸ் ஏறினேன். பாண்டி பஜாரை ஒட்டின தெருவில் ஒரு கேசட் கடை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா நடத்துகிறார். பாண்டின் பெயரைச் சொன்னேன். "எந்தப் பாட்டு சார்?" என்றார். தெரியாது என்றேன். "ஒரு வரியாவது?" அதுவும் தெரியாது, நடுவில் டிரம் மட்டும் வரும் என்றேன். "அப்ப வாசிச்சுக் காட்டுங்க" என்றார். பக்திப் பாட்டு வாங்க வந்த இரண்டு மாமிகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் கண்ணாடி மேஜையில் விரலால் தட்டி, வாயால் எதையோ முனகினேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது ஆல்பம், ரெண்டாம் பக்கம்" என்றார். "திரும்ப வந்ததுல அது தீர்ந்துபோச்சே. நாலாவது ஒண்ணே ஒண்ணு இருக்கு, தரட்டுமா? பையனுக்கா?" ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாலாம் நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்றவற்றைத் தேட ஆரம்பித்தேன். ஐந்தாவது அடையாறில் ஒரு வாடகைப் புத்தகக் கடையில், தூசி படிந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கிடைத்தது. ஒன்றும் இரண்டும் கடைக்கார அம்மாவே யாரிடமோ சொல்லி வரவழைத்துக் கொடுத்தார். நீ வைத்துவிட்டுப் போன டேப் ரிக்கார்டரில், உன் அறையில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் பாட்டுகளை ஓட்டிவிட்டு, நேராகக் கடைசிக்குப் போவேன், அந்த ஒதுக்கி வைத்த பாட்டுகளுக்கு. என்னுடைய கேள்விக்குப் பதில் அங்கேதானே இருக்க வேண்டும்? நாலாவது ஆல்பத்தில் வேகமாக ஓடுகிற ஒரு பாட்டு, கடைசியில் மறுபடி வருகிறது. ஆனால் பாதி வேகத்தில், ஒரே ஒரு கிடாரோடு, பாடுகிறவர் யாரையோ எழுப்பக் கூடாது என்கிற மாதிரி பாடுகிறார். இதை ஏன் வேண்டாம் என்றார்கள்? இரண்டையும் மாற்றி மாற்றி எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு ஒதுக்கியதுதான் பிடித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவள் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேகமா இருக்கறது பாட்டு. இது பாடற ஆளு" என்றாள். எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நாலு பேரின் பெயரும், யார் எதை வாசிக்கிறார்கள் என்பதும் மனப்பாடம் ஆயிற்று.

இரண்டு வருஷத்தில் எட்டு சேர்ந்துவிட்டது. நீ போனபிறகு வெளிவந்த பத்தாவதுகூடக் கிடைத்துவிட்டது. மூன்றும் ஏழும்தான் இல்லை. ஏழு உன்னிடமும் இருந்ததில்லை. மூன்றாவதுக்காக ஏறாத கடை இல்லை. டிரம்முக்கு அப்புறம் என்ன என்பது அப்படியே நின்றுகொண்டிருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு ஏழுமலையையே கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ராயப்பேட்டைல பேண்டு செட்டு தாஸு கைல குட்த்தேன் சார். மேல பதிவு பண்ணிக்க கேசட் எதுனா வந்தா எடுத்து வெய்யின்னு சொல்லிகினே இருப்பாரு" என்றார்.

தாஸ் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். கொடியில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. சுவரில் இரண்டு டிரம். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கல்யாண ஊர்வலங்களில் டிரம் வாசிக்கிறவர். "இன்னா சார், எப்ப கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அடடா. அத்தெல்லாம் அழிச்சிட்டனே சார். மேல சினிமாப் பாட்டு பதிஞ்சி வெச்சிகினு பழகுவோம். ஒண்ணுதான் கீது" என்று உள்ளே போய் எடுத்துவந்தார். மூன்றாவது. முதுகில் நம்பருக்குக் கீழே நீ பச்சைப் பேனாவில் போடும் சின்ன 'மு'. "அழிக்கறதுக்குத்தான் போட்டேன். நடுவுல டிரம்மு வந்துச்சி சார். நம்ம கையே நின்னுபோச்சி. இத்த எப்டி அழிக்கறது?"

போடச் சொன்னேன். கிடார் நின்றது, டிரம் மட்டும் வந்தது, தேனாம்பேட்டையில் கார் போன இடத்தையும் தாண்டிப் போயிற்று. அப்புறம் எல்லாமே நின்றுவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பாடுகிறவர் மட்டும், எந்த வாத்தியமும் இல்லாமல், தனியாக ஒரு வரி. அவ்வளவுதான். அதற்காக இரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். வீண் என்று தோன்றவேயில்லை. தாஸ் என்னைப் பார்த்து, "இத வாசிக்கற ஆளு பேரு இன்னா சார்? அட்டைல பேரு போட்ட எடத்த எலி கட்ச்சிடுச்சி" என்றார். சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உசுரோட கீறாரா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. காகிதத்தில் அது இல்லை. எனக்குத் தெரிந்து அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

மறுநாள் காலையில் நான் உனக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கும். "என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றுதான் நீ ஆரம்பித்தாய். "அதெல்லாம் இல்ல. உன் பாண்டுல டிரம் வாசிக்கிறாரே, அவர் இப்ப உயிரோட இருக்காரா?" என்றேன். "இருக்கார்ப்பா. தோள்ல ஆபரேஷன் ஆச்சு, இப்ப வாசிக்கிறதில்ல. ஏதோ கிராமத்துல குதிரை வளக்கறார். யார் கேட்டாங்க?" என்றாய். "இன்னொரு டிரம்மர்" என்றேன். அதற்குமேல் நீ துருவவில்லை. ஆனால் நீயாகவே பேச ஆரம்பித்தாய். மூன்றாவது ஆல்பத்தின் டிரம்மை, தண்ணீரை இறைத்துவிட்ட ஒரு பழைய நீச்சல் குளத்துக்குள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள் என்று சொன்னாய். அந்த ஈரத்தில் கூடவே நின்றதால் பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்தது என்றாய். உனக்கு ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு நான் எஸ்.டி.டி. பூத்துக்குள்ளேயே நின்றிருந்தேன், வெளியே ஆள் தட்டும்வரை. அன்றே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாஸிடம் போய்ச் சொன்னேன். "கொளத்துலயா? அதான பார்த்தேன். சத்தம் நம்மள சுத்திகினே வருது" என்றார். நான் கிளம்பும்போது கேசட்டை ஒரு பேப்பரில் மடித்து நீட்டினார். "உங்க பையனுது. நாம வெச்சிக்கறது நியாயமில்ல சார்." அதற்காகத்தான் நான் அந்தச் சந்துக்குள் முதலில் நுழைந்தேன். கையையும் நீட்டிவிட்டேன். ஆனால் அவர் அதைக் கொடுத்த பிறகு கேசட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆக, உன்னைக் கேட்காமல் உன் கேசட்டை இரண்டாவது தடவையும் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை செய்தது தப்பு. இது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். உனக்கு வேண்டும் என்றால் போய்க் கேள், தாஸ் கொடுத்துவிடுவார். நான் கேட்க மாட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று அடையாறில் கல்பனா வீட்டு மாடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவள் விடிகாலையில் முகத்துவாரத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பதைப் பற்றி, ஒரு நோட்டில் எழுதி வைப்பதைப் பற்றி அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நீ சிரித்துக்கொண்டே, "அதே கொக்கைத்தானே தினமும் பாக்கறே?" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நோட்டை எடுத்துவரப் பாதி எழுந்தவள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏனென்றால் அந்தக் கேள்வி என்னுடையது. எங்கிருந்து உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதே கேள்வியை நீ நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டுப் பார். நேற்றுப் பார்த்த கொக்குக்கும் இன்று பார்த்த கொக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இரு. என்னிடமிருந்து உனக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகவே செய்கிறாய்.

எட்டு கேசட்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். நீ வைத்திருந்தது எட்டு, இதுவும் எட்டு. ஆனால் அதே எட்டு இல்லை. கல்யாணம் முடிந்து போகும்போது எடுத்துக்கொண்டு போ.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு உன் கேசட்டுகளைக் கொடுத்தது பேப்பர் போனதற்காக இல்லை. அது ஒரு சாக்கு. அதற்கு முந்தின மாதம் ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தேன். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உன் கேசட் ஓடிக்கொண்டிருக்க, நீ தனியாக, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை, சின்ன வயதில்கூட. யாரோ நாலு பேர் ஏதோ ஒரு தேசத்திலிருந்து உன்னைச் சிரிக்க வைக்கிறார்கள், எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. கதவைத் தட்டி, "என்னடா சிரிப்பு?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் டேப்பைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் காட்டியிருப்பாய். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

போன மாதம் இரண்டாவது கேசட்டின் கடைசியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப சோகமான ஒரு பாட்டு, எடுக்கும்போதே டிரம்காரர் குச்சியைக் கீழே போடுகிறார். மன்னிக்க வேண்டும் என்கிறார். மறுபடி ஆரம்பிக்கிறார்கள், மறுபடி போடுகிறார். மூன்றாவது தடவை போட்டபோது, பாடுகிறவர் நிறுத்தாமல், அதே சோகமான மெட்டில், அவன் திரும்பவும் போட்டுவிட்டான் என்பதையே ஒரு வரியாகப் பாடிக்கொண்டு போகிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளுக்கும் போட்டுக் காட்டினேன்.

அன்றைக்கு நீ சிரித்தது இந்த இடத்துக்குத்தானா?

அப்பா